ஒரு பிடி குங்கிலியம்

அக்சிலியாவுக்கு ரஞ்சிதாவைப் பிடிக்காமல் போனதற்கு நாளும் நேரமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முந்தைய புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால்.

அன்று துணைவேந்தர் அறையில் மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், வேலிகாத்தான் வெட்டிச் சமன் செய்த பொட்டலில் எழும்பப் போகிற நிகழ்த்துகலை மையம். சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கூத்து, பாவைக்கூத்து, பம்பை, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா என்று எல்லாவற்றுக்கும் ஒரே வீடு. அது அக்சிலியாவின் ஒன்பது வருடத்து வேலை. நாடகத் துறையில் அவள் இணைப் பேராசிரியை. அந்த ஒன்பது வருடத்தில் மூன்று துணைவேந்தர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லிப் புரிய வைத்தாள். சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போய், பல் விளக்காத வாயோடு கோப்பைத் துரத்தி, மதிய பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். அப்படிப் பிறந்த வரைபடத்தில் தொள்ளாயிரம் இருக்கை, நாலடி உயரத்தில் பலகை மேடை, மேலிருந்து இறங்கும் வெல்வெட் திரை எல்லாம் இருந்தன.

ரஞ்சிதா அதே துறையில் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வாரம். ஜலகண்டாபுரத்துக்காரி. அப்பா தறி ஓட்டுகிறவர். கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், பள்ளிக்கூடத்தில் போல லேசாகக் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகமுங்க மேடம். இந்த மேடை மேல ஏறிட்டா கூத்துக்காரங்க எங்கீங்க நிப்பாங்க?"

"மேடையிலதான் நிப்பாங்க" என்றாள் அக்சிலியா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ரஞ்சிதாவும் சிரித்தாள். "அதில்லீங்க மேடம். மூணு பக்கமும் சனம் ஒட்டி உக்காந்தாத்தான் அவங்களுக்கு ஆட்டமே வரும். நாலடி ஒசரத்துல ஏத்தி உட்டா எதுக்காப்புல இருக்கறவங்க தல மட்டுந்தானுங்க தெரியும். அப்பறம் அந்தப் பலகை. மண்ணுல மிதிச்சுப் பழகுன காலு அதுல தடுமாறுமுங்க. தரைய மண்ணாவே உட்டுட்டா என்னங்க?"

கட்டட வடிவமைப்பாளர் பென்சிலை எடுத்து, அக்சிலியாவின் நாலடி மேடைக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் படிகள். நாலாவது பக்கம் திரை. அவ்வளவுதான். ஒன்பது வருட வரைபடம் ஒன்றரை நிமிஷத்தில் வேறொன்றாகிவிட்டது.

அந்தப் பெண் சொன்னது தவறாக இருந்திருந்தால் ஒன்றுமில்லை. அக்சிலியா திருத்தியிருப்பாள், சின்னப் பெண் என்று மன்னித்திருப்பாள், பிறகு பிடித்தும்கூடப் போயிருக்கும். ஆனால் அது சரி என்று அந்த அறையில் முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான். வடிவமைப்பாளர் பென்சிலை எடுப்பதற்கு முன்பே, ரஞ்சிதா 'மண்ணாவே' என்றபோதே அக்சிலியாவுக்கு அது விளங்கிவிட்டது. நாற்பத்து மூன்று ஊர்களில் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கூத்துப் பார்த்தவள், குறிப்பெடுத்தவள், அதை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கியவள். எழுந்திருக்கும்போதெல்லாம் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டவள். தட்டிவிட்டதைத் தவிர அந்த மண்ணை அவள் என்ன செய்தாள்?

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இந்தக் கேள்வியோடுதான் அவள் இரண்டு வருடம் வேலைக்குப் போய் வந்தாள்.

கட்டடம் எழும்ப எழும்ப ரஞ்சிதாவின் பேரும் எழும்பியது. ஒவ்வொரு கூத்து ஜமாவும் தன் ஊர் ஆட்டக்களத்திலிருந்து ஒரு மூட்டை மண் கொண்டுவந்து வட்டத்தில் கொட்ட வேண்டும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். ஆத்தூர்ப் பக்கத்து மண் ஒரு நிறம், தம்மம்பட்டி மலையடிவாரத்து மண் இன்னொரு நிறம். அறுபத்தோரு மூட்டை சேர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மண் மூட்டைக்கு நடுவில் ரஞ்சிதா, துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை புழுதியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் அக்சிலியாவும் இருந்தாள். லாரிக் கதவுக்குப் பின்னால் பாதி முகம். 'திட்ட ஒருங்கிணைப்பாளர் உள்ளிட்டோர்' என்று கீழே போட்டிருந்தது. உள்ளிட்டோர். வாசல் காவலாளிகூட, "ரஞ்சிதா மேடம் அரங்கத்துக்குங்களா, நேராப் போயி சோத்தாங்கைப் பக்கமுங்க" என்று வழி சொல்லத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அரிசிப்பாளையத்து வீட்டுக்கு நடந்து வரும்போது கணவன் மார்ட்டின் கேட்டான்.

"இன்னிக்கு என்ன பண்ணா?"

"யாரு?"

"வேற யாரு, உன் ரஞ்சிதா. நம்ம கல்யாணமான புதுசுல என்னைப் பத்திக்கூட நீ இவ்வளவு பேசல. அவ என்ன கலர் சுடிதார் போடறா, எத்தனை தடவை போன் வருது, எந்த ஊர்ல யாரு அவளைக் கும்பிட்டாங்க, எல்லாம் எனக்கு மனப்பாடம். கடையில வீல் பேரிங் கேட்டு வந்தவன்கிட்ட ரஞ்சிதான்னு சொல்லித் தொலைச்சுருவேன் போல."

"நான் ஒண்ணும் அவளைப் பத்திப் பேசறதில்ல."

"சரி, பேசறதில்ல" என்றான் மார்ட்டின். மட்டன் கடை வரிசையில் போய் நின்றுகொண்டான்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஏழு தலையான பாவங்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். அதில் ஒன்று காய்மகாரம், அடுத்தவர் நன்மையைக் கண்டு மனம் எரிவது. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் பேசி அவள் கேட்டதில்லை. ஏதோ பழைய பெட்டியில் கிடக்கும் அங்கி மாதிரி, பெரியவர்கள் மட்டும் போட்டுக்கொள்வது என்று நினைத்திருந்தாள். இப்போது தன் அளவுக்கு அது கச்சிதமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, கோபப்பட்டேன், ஜெபம் தவறினேன் என்று சொல்லிவிட்டு, இதைச் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறாள். சொல்லிவிட்டால் சாமியார் மன்னிப்பு என்பார். பிறகு அதைக் கீழே வைத்துவிட வேண்டியிருக்கும். வைக்க மனமில்லை. இந்த வலியை எடுத்துவிட்டால் அந்த அரங்கத்தில் தனக்கென்று என்ன இருக்கும்?

ரஞ்சிதா பதிலுக்குப் போட்டி போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் போட்டி போடவில்லை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பை கொய்யாவோ அவரைக்காயோ கொண்டுவந்து அக்சிலியாவின் மேசையில் வைப்பாள். "இத்தனையும் உங்களாலதானுங்க மேடம். நீங்க கோட்டைக்கும் சேலத்துக்கும் அலையாமயிருந்தா நான் வெறும் மண்ணைத்தான பாத்துட்டு உக்காந்திருப்பேன்" என்பாள். வாயளவுக்குச் சொல்கிற பேச்சில்லை அது. மனதிலிருந்துதான் சொன்னாள். தன்னைப் பார்த்து யாரும் பயப்படவோ பொறாமைப்படவோ தேவையில்லை என்று அந்தக் கண்களில் எழுதியிருந்தது. அதுதான் அக்சிலியாவை அறுத்தது. அவரைக்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தாள். நன்றாகவே இருந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் துணைவேந்தர் அவளைக் கூப்பிட்டு, மையத்துக்கு முதல் இயக்குநரைச் சிண்டிகேட் நியமிக்கப் போகிறது என்றார்.

"நியாயமாப் பார்த்தா நீங்கதாம்மா. ஆனா மெம்பர்ஸ்ல சில பேர் ரஞ்சிதா பேரையும் சொல்றாங்க. சின்ன வயசு, எல்லாருக்கும் தெரிஞ்ச முகம்ங்கறாங்க. திறப்பு விழா எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாமே. என்ன சொல்றீங்க?"

"பார்க்கலாம் சார்" என்றாள் அக்சிலியா. வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். இயக்குநர் என்று தன் பேர் போட்ட ஒரு பலகை மாட்டினால் போதும். அந்த மண்ணைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம். அந்தப் பலகையும் ரஞ்சிதாவுக்குப் போனால்?

அடுத்த வாரம் பொறியாளர் மணிமாறன் தீயணைப்பு வரைபடத்தோடு வந்தார். ஆத்தூர்க்காரர். எதையும் கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டார்.

"மேடைக்கு மேல ரெண்டு சென்சார் வெச்சிருக்கேன் மேடம். ரெண்டும் ஒரே நேரத்துல பொகையப் பார்த்துச்சுன்னா மேல இருக்கிற பைப்பு பூரா தானாத் தொறந்துக்கும். ஆளே தேவையில்ல. ஆனா கூத்துல பொகை கிகை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அன்னிக்கு மட்டும் தானாத் தொறக்காத மாதிரி மாத்தி வெச்சிடறேன். ஒரு சாவி திருப்பற வேலைதான்."

"ரஞ்சிதாவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். அவங்க கூத்து வாத்தியாருக்கே போன் போட்டு விசாரிச்சு, எழுதியே குடுத்துட்டாங்க."

ரஞ்சிதாவின் கையெழுத்து மணிமணியாக இருக்கும். 'பூசைக்குரிய சூடம், சாம்பிராணி, ஊதுபத்தி ஆகியவை வெளி முற்றத்தில் மட்டும் கொளுத்தப்படும். அரங்கத்துக்குள் புகை வராது.' கீழே அவள் ஒப்பம். அதற்குக் கீழே, ஒருங்கிணைப்பாளர் ஒப்பத்துக்கு வெற்றிடம்.

அக்சிலியா பேனாவின் மூடியைக் கழற்றினாள். உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு சாமான் குறைகிறது.

கூத்தில் கீசகன் மாதிரி முரட்டு வேஷம் திரையை விலக்கிக்கொண்டு வெளிப்படும்போது, பக்கத்தில் ஒருவர் பந்தம் பிடித்திருப்பார். வேஷக்காரர் இடுப்பில் முடிந்த பையிலிருந்து ஒரு பிடி குங்கிலியப் பொடியை அள்ளிப் பந்தத்தில் வீசுவார். குபீரென்று ஆள் உயரத்துக்குத் தீ பிடித்து, கூடவே கருகருவென்று புகை கிளம்பும். அந்தப் புகைக்குள்ளிருந்துதான் கீசகன் வரவேண்டும். ரஞ்சிதாவும் இதைப் பார்த்திருப்பாள், நூறு தடவை பார்த்திருப்பாள். ஆனால் பார்த்தவர்களின் ஞாபகத்தில் அது ஒரு சாமானாக இருக்காது. கீசகனாகத்தான் இருக்கும். பூசைக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள், பூசைக்கு வேண்டியதை வாத்தியார் சொல்லியிருக்கிறார். குங்கிலியம் பூசையில் சேராதே. ஒத்திகையில் தெரியவரும் என்றால், கூத்துக்காரர்கள் ஒத்திகை என்று ஒன்று வைத்துக்கொள்வதில்லை. அரிதாரம் பூசிச் சலங்கை கட்டினால் ஆட்டம், இல்லாவிட்டால் டீக்கடை.

அக்சிலியாவுக்கு மட்டும் அது ஏன் உடனே தோன்றியது என்றால், அவள் அப்பா செபஸ்தியான் பங்குக் கோயில் பாஸ்காவில் பதினாறு வருடம் சாத்தானாக வேஷம் கட்டியவர். வெள்ளிக்கிழமை வேஷத்துக்கு வியாழக்கிழமையே குங்கிலியம் வாங்கி, இடித்து, துணியில் சலித்து வைப்பது அவள் வேலை. ஒரு வருடம் அந்தத் தீ பட்டுச் சாமியானாப் பந்தலில் ஓட்டை விழுந்தது. அவளுக்கு அது வேஷமில்லை, விரலிடுக்கில் பிசுபிசுத்த பொடி.

'குங்கிலியம்' என்று ஒரு சொல். ரஞ்சிதாவின் வரிக்கு மேலே ஒரு அம்புக்குறி போட்டு எழுதினால் போதும்.

வெறும் தண்ணீர்தானே என்று நினைத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் கொட்டும், மண் சேறாகும், மண் தரையாவது மண்ணாங்கட்டியாவது என்று அப்போது எல்லாரும் பேசுவார்கள். ஒருவேளை குங்கிலியமே வீசாமலும் போகலாம். இது என் பட்டியல் இல்லையே. அவள் பட்டியல், அவள் ஒப்பம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும்போதே, இவையெல்லாம் காரணம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு முதலில் தோன்றிய ஒன்று, ரஞ்சிதாவுக்குத் தோன்றாத ஒன்று, இரண்டு வருடத்தில் இது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு பை கொய்யாவோடு வந்து, 'உங்களாலதானுங்க மேடம்' என்பாள்.

"மேடம்?" என்றார் மணிமாறன்.

அக்சிலியா ஒப்பமிட்டாள். தேதி போட்டாள். பேனாவை மூடினாள்.

திறப்பு விழா ஆவணியில். அந்த வருடம் ஆடியிலும் மழை இல்லை. கிணறுகளில் தூர் தெரிந்தது. ரிக் வண்டிகள் ஆயிரம் அடி தாண்டிப் புழுதிதான் கிளப்பின. என்ன கூத்து போடலாம் என்று ரஞ்சிதா கேட்டதற்கு அர்த்தநாரி வாத்தியார், "வேறென்ன சாமி, வெராட பருவந்தான். அதப் போட்டா மழை எறங்கும்னுதான ஊர் ஊராக் கூப்புடறாங்க. இந்த மாசத்துல எனக்கு இருபத்திரண்டு ஆட்டம், எல்லாமே அதுதான். பங்குனி வரைக்கும் டைரியில எடமில்ல. உங்களுக்காவத்தான் ஒரு நாளப் புடுங்கிக் குடுத்திருக்கறேன்" என்று சொல்லி, பேச்சு முடிவதற்குள் இன்னொரு போனை எடுத்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. படிகள் போதாமல் வட்டத்தின் விளிம்பு வரை சனம். பேராசிரியர்கள் முன்வரிசைச் சோபாவில். அக்சிலியா மூன்றாம் படியில் ஓரமாக உட்கார்ந்தாள். எங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று வந்தபோதே யோசித்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு கணம் அவள் எல்லாவற்றையும் மறந்தாள். சலங்கைக் கால் மண்ணில் இறங்கும் அந்தச் சத்தம். பலகையில் அது வராது, ஒருநாளும் வராது. திரௌபதி வேஷம் சுற்றிச் சுழன்றபோது அறுபத்தோரு ஊர்ப் புழுதி கணுக்கால் உயரத்துக்குக் கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் நின்றது. பக்கத்தில் ஒரு அம்மா தன்னை மறந்து, "அடேங்கப்பா" என்றாள். இதைக் கட்டியது நான் என்று அக்சிலியா சொல்லிக்கொண்டாள். அடுத்த மூச்சிலேயே, இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது.

கட்டியக்காரன் கீசகனின் வரவைச் சொன்னான். இரண்டு பேர் திரை பிடித்தார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடியது. கீசகன் வேஷம் செந்தமிழனுக்கு. தொண்டை கிழியப் பாடினார். ஒருவர் பந்தத்தோடு ஓரமாக வந்து நின்றார். இப்போதும் எழுந்து ஓடலாம். மணிமாறன் கதவருகேதான் நிற்கிறார். பதினைந்து எட்டு வைத்தால் போதும். அக்சிலியா தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரை விலகியது. செந்தமிழனின் கை இடுப்புக்குப் போய் உயர்ந்தது. தீ குபீரென்று எழுந்தது. கூட்டம் 'ஹோ' என்றது. இன்னொரு பிடி. கறுத்த புகை உருண்டு மேலே போனது.

மணி அலறியது. கூடவே மேலிருந்து தண்ணீர்.

தூறல் இல்லை. கொட்டியது. வட்டம் முழுக்க, ஓரத்துப் படிகள் வரை, கோடை மழை மாதிரி அடித்து ஊற்றியது. பந்தம் அணைந்தது. துணைவேந்தர் சோபாவிலிருந்து குதித்து எழுந்தார். மணிமாறன் சாவிக்காக ஓடினார். செந்தமிழனின் முகத்தில் சிவப்பும் கறுப்பும் கரைந்து வழிந்தன. அர்த்தநாரி வாத்தியார் ஆர்மோனியத்தின்மேல் குப்புறக் கவிழ்ந்து, அதைத் தன் முதுகால் மூடிக்கொண்டார். மிருதங்கம் ஊறி ஊமையானது.

அக்சிலியா ரஞ்சிதாவைத் தேடினாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திரைக்குப் பக்கத்தில் நனைந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். இந்த முகத்துக்காகத்தானே காத்திருந்தோம் என்று அக்சிலியா நினைத்தாள். நினைத்த அளவுக்கு அதில் ருசி இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது கட்டியக்காரன் சேற்றில் ஒரு துள்ளுத் துள்ளி, கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ஏனுங்க மகாசனங்களே! ஊர் ஊரா வெராட பருவம் ஆடி வாய்தான் வத்திப் போச்சு. இங்கென்ன, பாதி ஆட்டத்துலயே எறங்கிருச்சு! யூனிவர்சிட்டியில மழைக்குக்கூட சுச்சு வெச்சிருக்கறாங்களாட்டம் இருக்குதுங்க!"

அரங்கம் வெடித்தது. படியில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். "எறங்கிருச்சு, மழை எறங்கிருச்சு" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வட்டத்துக்குள் இறங்கினார்கள். மணிமாறன் தண்ணீரை நிறுத்தியபோது, "நிறுத்தாதீங்க சாமி" என்று நாலு பேர் கத்தினார்கள். வாத்தியார் தாளத்தை மட்டும் தட்டிப் பாட்டை எடுத்தார். சனமே கைதட்டி மிருதங்கமானது. கீசகன் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஆடினான். பீமன் வந்து அவனைச் சேற்றிலேயே புரட்டிக் கொன்றான். அப்படி ஒரு கீசக வதம் யாரும் பார்த்ததில்லை. போகும்போது பெண்கள் முந்தானை நுனியில் அந்தச் சேற்றைக் கொஞ்சம் முடிந்துகொண்டு போனார்கள். போகிற வழியில் ரஞ்சிதாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.

அக்சிலியா கடைசி ஆள் போகும்வரை அந்தப் படியிலேயே இருந்தாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. தன் கையால் வெட்டிய பள்ளத்தில் ரஞ்சிதா விழுவாள் என்று பார்த்தால், அதில் இறங்கிக் குளித்துவிட்டு வருகிறாள்.

மறுநாள் காலைக்குள் அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் ஓடியது. மூன்றாம் நாள் துணைவேந்தர் இருவரையும் கூப்பிட்டார். அவர் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல்.

"பேர் நல்லாத்தான் வந்திருக்கு. இல்லேங்கல. ஆனா ஃபைல்ல யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாகணும். புகை இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு அப்பறம் எப்படிப் புகை வந்ததுன்னு தீயணைப்புத் துறையில கேட்டிருக்காங்க. ரஞ்சிதா எழுதிக் குடுத்துட்டாங்க." ஒரு தாளை அக்சிலியாவின் பக்கம் தள்ளினார். "நீங்க மேல்குறிப்பு போட்டீங்கன்னா முடிஞ்சுது. ஒரு வார்னிங்கோட விட்டுடலாம். வெள்ளிக்கிழமை சிண்டிகேட். இந்தக் கடிதம் இருக்கிறதால அவங்க பேரை இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. இயக்குநர் நீங்கதான்."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. ரஞ்சிதா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். தலையை ஆட்டினாள். "அதானுங்க மொற. மேடம் பேருதான் வரோணும்."

கேட்டது கிடைத்துவிட்டது. அக்சிலியா தாளை எடுத்தாள். அதே மணிமணியான கையெழுத்து. 'குங்கிலியத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது முழுக்க முழுக்க என் தவறு. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.'

முழுக்க முழுக்க.

அந்த இரண்டு சொல்லை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். கடைசி வரிக்குக் கண் போகவே மறுத்தது. மண் இவளுடையது. வட்டம் இவளுடையது. குலவை, சேறு, மழை எல்லாம் இவளுடையது. அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டது மட்டும்தான் இந்தக் கட்டடத்தில் அக்சிலியா தன்னந்தனியாகச் செய்த ஒரே காரியம். அதையும் இவள் எடுத்துக்கொண்டு போகிறாள். அதுவும் இவ்வளவு சுலபமாக, அவரைக்காய் கொண்டுவந்து வைப்பது போல.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது சார்."

"ஏம்மா?"

"இது இவங்க தவறில்ல. என்னுது. பட்டியல் என்கிட்ட வந்தப்பவே குங்கிலியம் விட்டுப் போயிருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது என்றெல்லாம் இல்லை. ஒரு பொருளைப் பிடுங்கி வைத்துக்கொண்டவளின் படபடப்புதான் இருந்தது.

ரஞ்சிதா மெதுவாகத் திரும்பினாள். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"நான் வந்து கேட்டிருந்தா?"

அக்சிலியா யோசித்தாள். பொய் சொல்வதற்காக இல்லை, உண்மை எது என்று பார்ப்பதற்காக. "சொல்லியிருக்க மாட்டேன்."

ரஞ்சிதா 'மேடம்' என்று சொல்லவில்லை. "வாத்தியாரு ஆர்மோனியப் பொட்டி ஊறிப் போச்சு. ஆறு கட்டை எந்திரிக்கவே மாட்டேங்குது. ஆட்டம் இருபத்திரண்டு வெச்சிருக்கற மனுசன் எடப்பாடியில எரவல் பொட்டி வாங்கிட்டு ஓடிட்டிருக்கறாரு. அதும் தெரியுமா?"

"அது... அதை நான் நினைக்கல."

"ஆமா. நெனச்சிருக்க மாட்டீங்க."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கண்கள் அவளை அளந்து பார்த்தன. எதிரே இருப்பது யார் என்று இப்போதுதான் தெரிந்தது போலப் பார்த்தன. அக்சிலியா கண்ணைத் தாழ்த்தவில்லை. வலித்தது. வலியின் அடியில் சின்னதாக ஒரு திருப்தியும் இருந்தது. அதை அவள் தன்னிடமிருந்து மறைக்க முயலவில்லை.

ரஞ்சிதா மேசையிலிருந்த தன் கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"உங்களை யாரும்மா கேட்டா?" என்றார் துணைவேந்தர். உண்மையிலேயே சோர்ந்து போயிருந்தார். "எல்லாம் சுமுகமா முடிஞ்சிருக்கும். இனிமே நான் சிண்டிகேட்ல என்ன சொல்றது? உங்க பேரையும் எடுக்க முடியாது."

"தெரியும் சார். ஒரு தாள் குடுங்க, எழுதிடறேன்."

அவர் கொடுத்தார். அக்சிலியா எழுதினாள். நடந்ததை நாலு வரியில், வாத்தியாரின் ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு வரியும் சேர்த்து. அலுவலகக் கடிதத்தில் காரணம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதால் அதையும் ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தாள்.

துணைவேந்தர் வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தாளை விரலால் அவள் பக்கமே திரும்பத் தள்ளினார்.

"பொறாமைன்னு எழுதியிருக்கீங்க. இதை எப்படிம்மா ஃபைல்ல வைக்கிறது? கவனக்குறைவுன்னு மாத்திக் குடுங்க."

"கவனக்குறைவு இல்ல சார். ரொம்பக் கவனமாத்தான் விட்டேன்."

அவர் மணி அடித்து இன்னொரு தாள் கொண்டுவரச் சொன்னார். அது வந்து மேசையில் வெள்ளையாகக் கிடந்தது. அக்சிலியா அதைத் தொடவில்லை.